மூன்று பேருக்கு ஒரு ஸ்டூல்

எங்கள் அருங்காட்சியகத்தில் கூடங்களுக்குக் காவல் நிற்கும் பெண்கள் பதினொரு பேர். ‘நிற்கும்’ என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் மாலை ஆறு மணிக்குக் கதவு சாத்துகிற வரைக்கும் நிற்க வேண்டும். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதில் பத்து நிமிடம் பின்கட்டுக்குப் போய் வரவே சரியாகிவிடும்.

முன்பெல்லாம் கூடத்தின் மூலையில் ஆளுக்கு ஒரு நாற்காலி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பார்வையாளர், தந்தப் பெட்டியைப் படம் எடுக்கிறேன் என்று பின்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த எங்கள் ஆளையும் சேர்த்து எடுத்துவிட்டார். எடுத்ததோடு விடாமல் இணையத்திலும் போட்டார். ‘இவர்கள்தான் நம் பொக்கிஷங்களைக் காக்கிறார்களாம்’ என்று கீழே ஒரு வரி வேறு. மறுநாளே பதினொரு நாற்காலியும் நிலவறைக்குப் போய்விட்டன. கொட்டாவி விட்டது ஒருத்தியின் வாய், தண்டனை பதினொரு பேரின் காலுக்கு.

வாசலில் வண்டி எண் எழுதுகிற இரண்டு ஆண்களுக்கு மட்டும் நாற்காலியும் மின்விசிறியும் அப்படியே இருந்தன. ஏன் என்று நான் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். நான் கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். இங்கே என் பேரே ‘பட்டாசு’.

“அவங்க எழுதணும்ல. நின்னுக்கிட்டு எப்படி எழுதுவாங்க?” என்றார்.

“எனக்கும் ஒரு நோட்டு குடுங்க சார், நானும் ஏதாவது எழுதறேன்” என்றேன். அன்றைக்கு எனக்கு ஒரு குறிப்பு விழுந்தது.

குறிப்பு என்பது ஒரு மஞ்சள் தாள். சுவரில் சாய்ந்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று, வாய் பேசினால் ஒன்று. மூன்று சேர்ந்தால் வேலை போய்விடும்.

குருவிக்கு இரண்டு விழுந்திருந்தது. குருவி என் சித்தி மகள். நான்தான் இந்த வேலையில் அவளைச் சேர்த்துவிட்டேன். ஆள் ஒல்லி, பேச்சு வேகம், அதனால் அந்தப் பேர். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். முதுகுவலி தாங்காமல் தூணில் சாய்ந்ததற்கு ஒரு குறிப்பு, மாடிப்படியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்ததற்கு ஒரு குறிப்பு. இன்னும் ஐந்து வாரம் ஓட்டிவிட்டால் அவளுக்குப் பேறுகால விடுப்பு. பிள்ளை பெற்றுத் திரும்பி வரும்போது வேலை அவளுக்காகக் காத்திருக்கும். மூன்றாவது குறிப்பு விழுந்தால் விடுப்பும் போச்சு, வேலையும் போச்சு. அவள் வீட்டுக்காரன் நல்ல பையன்தான், ஆனால் ஒரு வேலையில் ஆறு மாதம் தங்கினால் ஊரே மூக்கில் விரல் வைக்கும். அந்த வீட்டில் அடுப்பு எரிவதே இவளால்தான்.

இப்படி இருக்கும்போது எங்கள் கூடத்துக்கு ஒரு கண்காட்சி வந்தது. ‘எழுந்து நின்ற பெண்கள்: உலக வரலாற்றில் பெண்களின் போராட்டம்.’ வாசலில் மாட்டிய பெரிய பதாகையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்கிற பெண்களைப் பார்க்க டிக்கெட் எதற்கு, எங்களையே பார்த்துவிட்டுப் போகலாமே!

கடல் கடந்து பெட்டி பெட்டியாகச் சாமான்கள் வந்தன. எதிர்த்துப் பேசிய பெண்களின் தலையில் மாட்டி, நாக்கை அழுத்திப் பூட்டி, தெருவில் நடத்திக் கூட்டிப்போன இரும்புக் கூண்டு. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு பட்டுச் செருப்பு. குழந்தையுடையது என்று நினைத்தேன், இல்லை, வளர்ந்த பெண்ணுடையது. சின்ன வயதிலேயே விரல்களை ஒடித்து மடக்கிக் கட்டி அந்த அளவுக்குள் பாதத்தை அடக்கினார்களாம். ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போய், அங்கே சாப்பிட மறுத்த பெண்களின் மூக்கில் செருகிய ரப்பர் குழாய். தீப்பெட்டித் தொழிற்சாலையை விட்டுக் கூட்டமாக வெளியே வந்த பெண்களின் படம்.

என் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. ஆனால் நாள் முழுக்க நிற்கிறவளுக்குப் படிக்க நிறைய நேரம் உண்டு. எல்லாச் சாமான்களின் குறிப்பட்டையையும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன். படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. அந்த இரும்புக் கூண்டைச் செய்த கொல்லனுக்கும் வீட்டில் ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாள் அல்லவா? அவள் தலையை வைத்துத்தான் அளவு எடுத்தானோ என்னவோ.

கூடத்தின் நடுவில், தாழ்வான ஒரு மேடையில், சிவப்புக் கயிறு கட்டி ஒரு மர ஸ்டூலை வைத்திருந்தார்கள். மூன்று கால் நேராக, ஒரு கால் சற்றே தேய்ந்து. பார்க்க ஒன்றுமே இல்லை. குருவிதான் முதலில் அதன் குறிப்பட்டையைப் படித்தாள்.

“அக்கா, இங்க வாயேன். இதைக் கேளு. ‘நூறு வருடத்துக்கு முன்பு கடைகளில் வேலை செய்த பெண்கள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நிற்க வைக்கப்பட்டனர். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்கார அனுமதி இல்லை. பலருக்குக் கால் நரம்புகள் புடைத்தன, கருக்கள் கலைந்தன. நீண்ட போராட்டத்துக்குப் பின், மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை கட்டாயம் என்று சட்டம் வந்தது.’”

இந்தக் கூடத்தில் நாங்களும் மூன்று பேர்தான். நான், குருவி, ரேடியோ. ரேடியோ ஐம்பது வயதுக்காரி, வாயே திறக்க மாட்டாள், அதனால் வைத்த பேர். மூன்று பேரும் அந்த ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

“நூறு வருஷத்துக்கு முன்னாடியேவா?” என்றாள் குருவி. அவள் குரலில் கோபம் இல்லை, ஏக்கம்தான் இருந்தது. அதுதான் என்னைச் சுட்டது. ஒரு ஸ்டூலைப் பார்த்து ஒரு பெண் ஏங்குவதா?

திறப்பு விழா பதினொரு மணிக்கு. மகளிர் நல வாரியத் தலைவி வந்து நாடா வெட்டுவதாக ஏற்பாடு. எங்களை எட்டு மணிக்கே வரச் சொல்லிவிட்டார்கள். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, தலைவி வந்தபாடில்லை. ஒரு மணிக்கு “கிளம்பிட்டாங்களாம்” என்றார்கள். தண்ணீர் குடிக்கக்கூட யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்றார்.

ஒன்றேகால் இருக்கும். குருவியின் முகம் வெளுத்தது. மேலுதட்டில் வேர்வை. அவள் கை காற்றில் எதையோ பிடிக்கத் தேடியது.

“அக்கா, கண்ணு இருட்டுது.”

நான் ஓடிப்போய்த் தாங்கினேன். சுற்றிலும் பார்த்தேன். அவ்வளவு பெரிய கூடத்தில் ஒரு மனுஷி உட்கார இருந்தது ஒரே ஒரு இடம். கயிற்றைத் தூக்கினேன்.

“உக்காரு.”

“ஐயோ, மூணாவது குறிப்புக்கா.”

“விழுந்து தொலைஞ்சா குறிப்பு எதுக்கு? உக்காருடி!”

உட்கார வைத்தேன். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைக் குனிந்துகொண்டாள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது.

தலைவி, அவருடன் பத்துப் பேர், கேமரா தூக்கியவர்கள், பக்கத்தில் எங்கள் காப்பாட்சியர். நான் கயிற்றுக்கு வெளியே தாவி வந்து விறைப்பாக நின்றுவிட்டேன். மேற்பார்வையாளர் முகத்தில் ஈயாடவில்லை.

தலைவி குருவியைப் பார்த்தார். இரண்டடி முன்னால் வந்தார். பிறகு கை தட்ட ஆரம்பித்தார்.

“அற்புதம்! உயிருள்ள காட்சி! என்ன தத்ரூபம் பாருங்க. அந்தக் காலத்துப் பொண்ணோட வேதனை அப்படியே முகத்துல தெரியுது. வயிறுகூட எவ்ளோ இயற்கையா வச்சிருக்காங்க!”

கூட வந்த பத்துப் பேரும் தட்டினார்கள். கேமராக்கள் மின்னின. காப்பாட்சியர் ஒரு நொடி விழித்தார், ஒரே நொடிதான். நன்றாகப் படித்த மனிதர், சட்டென்று பிடித்துக்கொண்டார்.

“நம்ம சின்ன முயற்சிதாங்க மேடம்” என்றார்.

அன்று மாலை எங்களை அறைக்குக் கூப்பிட்டார். மஞ்சள் தாள் எங்கே என்று மேசை முழுக்கத் தேடினேன், காணவில்லை. மனிதர் முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

“நாளையிலேருந்து நீங்க தினம் அங்க உக்காரலாம்மா. பழைய காலத்து நீளக் கவுன் ஒண்ணு தைக்கச் சொல்லியிருக்கேன். சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது, தண்ணி பாட்டில் கண்ணுல படக் கூடாது. வயிறு மட்டும் நல்லாத் தெரியட்டும். உருக்கமா இருக்கும்.”

“அவ காவல்காரியா உக்காரக் கூடாது, பொம்மையா உக்காரலாமா சார்?” என்றேன்.

“உங்களுக்கு எல்லாமே சண்டைதான்” என்றார் சிரித்துக்கொண்டே.

வெளியே வந்ததும் பொரிந்து தள்ளினேன். ஒத்துக்கொள்ளாதே என்றேன், மானம் ரோஷம் என்று என்னென்னவோ சொன்னேன். குருவி காலணியைக் கழற்றி வீங்கிய பாதத்தை அமுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உன் கோவம் நியாயம்தான். ஆனா அதுமேல நான் உக்கார முடியாது. ஸ்டூல் மேல உக்காரலாம்.”

கவுன் தைத்து வந்ததும் அவளுக்கு நான்தான் மாட்டிவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் கூட்டம் அலைமோதியது. செய்தித்தாளில் படம் வந்திருந்தது அல்லவா! ஜோடி ஜோடியாக வந்து குருவியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் அவள் தோளில் கை வைக்கப் பார்த்தான். “காட்சிப் பொருளைத் தொடக் கூடாது” என்று நான் போட்ட அதட்டலில் பத்தடி பின்னால் போனான். ஒரு அம்மாள் தன் மகளிடம், “பாவம்டா, அந்தக் காலத்துல பொம்பளைங்க எவ்ளோ கஷ்டப்பட்டிருக்காங்க. நாமெல்லாம் புண்ணியம் பண்ணவங்க” என்றாள். சொன்னவள் கைப்பையை என் பக்கம் நீட்டி, “இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கம்மா” என்றாள். என் கெண்டைக்கால் நரம்பு கயிறு கயிறாகப் புடைத்து வலித்தது. பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், இங்கே சுரைக்காய்க்கு விளக்குப் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

ஆனாலும் ஒரு நிம்மதி இருந்தது. குருவி உட்கார்ந்திருந்தாள். நாள்கள் நகர்ந்தன. நான்காவது வாரம் தொடங்கியபோது பேறுகால விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மனு திரும்பி வந்துவிட்டது. மேற்பார்வையாளர் அதை மேசை மேல் வைத்து, விரலால் எங்கள் பக்கம் தள்ளினார்.

“விடுப்புக்குக் காவல் பணியில தொடர்ச்சி வேணும். மூணு வாரமா இவங்க காவல் பண்ணலையே. பதிவேட்டுல கோடு போட்டிருக்கு.”

“காப்பாட்சியர் சார்தானே உக்காரச் சொன்னாரு?” என்றாள் குருவி.

“உக்காரச் சொன்னது காட்சிக்கு. காட்சி வேற, காவல் வேற. குழந்தை பிறந்து எல்லாம் சரியானப்புறம் புதுசா மனு போடுங்க. இடம் காலியா இருந்தா பாக்கலாம்.”

காப்பாட்சியரிடம் போனோம். அவர் வருத்தப்பட்டார். அப்படி ஒரு வருத்தம், பார்க்கிறவர்களுக்குக் கண்ணீரே வந்துவிடும். “விதி அப்படி இருக்கேம்மா. காட்சிப் பொருளுக்கு விடுப்புன்னு ஒரு பிரிவே இல்லையே” என்றார். இரும்புக் கூண்டைப் பற்றி மணிக்கணக்கில் சொற்பொழிவு ஆற்றுகிற மனிதர். அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, அந்தக் கூண்டைச் செய்தவனும் இப்படித்தான் மெதுவாக, மரியாதையாகப் பேசியிருப்பான்.

குருவி அழவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில், தெருமுனையில் பிரியும்போது, “அக்கா, நான் மூணு வாரமா என்ன பண்ணிட்டிருந்தேன்னு எனக்கே தெரியலக்கா” என்றாள். சேர்த்துவிட்டதும் நான், அந்த ஸ்டூலில் உட்கார வைத்ததும் நான்.

மறுநாள் சனிக்கிழமை. கூடம் நிறைந்து வழிந்தது. குருவி கவுனைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தாள். பத்தரை மணிக்கு ஒரு பெரியவர் குறிப்பட்டையைச் சத்தமாகப் படித்துவிட்டு, “பன்னெண்டு மணி நேரம்! எப்படித்தான் நின்னாங்களோ” என்று உச்சுக்கொட்டினார்.

குருவி தலையை நிமிர்த்தினாள்.

“நான் சொல்றேங்க எப்படின்னு. இதே கூடத்துல ஏழு மாச வயித்தோட நின்னேன். சாய்ஞ்சதுக்கு ஒரு குறிப்பு, உக்காந்ததுக்கு ஒரு குறிப்பு. மயக்கம் வந்துதான் இந்த ஸ்டூல்ல உக்காந்தேன். இப்ப உக்காந்ததுக்காக என் விடுப்பை எடுத்துட்டாங்க. அதோ நிக்கிறாங்களே, அந்த அக்கா இன்னும் நின்னுக்கிட்டுதான் இருக்காங்க.”

எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டம் கை தட்டியது. விசில்கூட அடித்தார்கள். “என்னமா நடிக்குது இந்தப் பொண்ணு!” என்றார் அந்தப் பெரியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

உண்மையைச் சொன்னவளுக்குக் கைத்தட்டல் விழுந்தால் அவள் அடுத்து என்னதான் செய்வாள்? எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கத்தலாம் என்று பார்த்தேன். கத்தினால் அதற்கும் தட்டுவார்கள். அதனால் நான் நின்ற இடத்திலேயே, சீருடையோடு, தரையில் உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் நெட்டி முறிந்தது. அந்தச் சத்தத்துக்கு யாரும் தட்டவில்லை.

எதிர் மூலையில் ரேடியோ என்னைப் பார்த்தாள். கையைச் சுவரில் ஊன்றி மெல்லக் குனிந்து அவளும் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், பக்கத்துக் கூடம் வரைக்கும் கேட்டது.

“இது நாடகம் இல்லைங்க! நாங்க இங்க வேலை பாக்குறவங்க!”

பக்கத்துக் கூடத்துக்காரி எட்டிப் பார்த்தாள், அவள் உட்கார்ந்தாள். அதற்கு அடுத்த கூடத்தில் இன்னொருத்தி. பத்து நிமிடத்தில் கீழ்த்தளமும் மேல்தளமும் சேர்த்துப் பத்துப் பேரும் தரையில் இருந்தோம், பதினோராவது ஆள் ஸ்டூலில். தட்டின கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பார்வையாளர்கள் நின்றார்கள். முட்டிவலிக்காரி ஒருத்தி, “ஒரு மணி நேரமா சுத்துறேன், எங்களுக்கும்தான் இங்க உக்கார ஒரு இடம் கிடையாது” என்று என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக வேறு பெண்களும் உட்கார்ந்தார்கள். அந்தப் பெரியவர் குருவியிடம் போய், தலையைக் குனிந்துகொண்டு, “நிஜம்னு தெரியாம தட்டிட்டேன்மா, மன்னிச்சிடு” என்றார்.

காப்பாட்சியர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“முதல்ல எழுந்திரிங்க. அப்புறம் பேசுவோம்.”

“உக்காந்தே பேசலாம் சார். நீங்களும் உக்காருங்க, தரை சுத்தமாத்தான் இருக்கு” என்றேன்.

“ஆளுக்கு ஒரு குறிப்பு கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா?”

“பதினொரு பேரையும் அனுப்பிட்டா இந்தக் கூண்டு, செருப்பு, குழாய் எல்லாத்தையும் யாரு காப்பாத்துவா சார்? வாசல்ல எண் எழுதறவங்களா? அவங்களால நிக்க முடியாதே.”

யாரோ சிரித்தார்கள். நூறு கைப்பேசிகள் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. காப்பாட்சியர் அந்தக் கைப்பேசிகளைப் பார்த்தார், ஓரமாகப் போய்த் தலைவியிடம் தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரல் எங்களுக்கே கேட்டது, அவ்வளவு பலம். நாங்கள் இரண்டு கோரிக்கை வைத்தோம். ஆளுக்கு ஒரு நாற்காலி. குருவியின் மூன்று வாரத்துக்கும் ‘பணியில் இருந்தார்’ என்று பதிவேட்டில் எழுத்து. காப்பாட்சியர் இரண்டுக்கும் தலையாட்டினார். மதியம் இரண்டு மணிக்கு மேற்பார்வையாளர் பதிவேட்டை எடுத்துவந்து, ஸ்டூல் பக்கத்தில் குனிந்து நின்று, கோட்டை அடித்துத் திருத்தி எழுதினார். குருவி ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்த பிறகுதான் ஸ்டூலை விட்டு எழுந்தாள். அன்று மாலையே பதினொரு நாற்காலியும் நிலவறையிலிருந்து தூசியோடு மேலே வந்தன, கூடவே ஓர் உத்தரவுத் தாளும்.

குருவி விடுப்பில் போனாள். பெண் குழந்தை. பெயர் இன்னும் வைக்கவில்லை, அதற்குள் ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்.

கண்காட்சி முடிந்தது. கையுறை போட்ட ஆள்கள் வந்து எல்லாவற்றையும் கட்டினார்கள். ஸ்டூலைப் பஞ்சில் சுற்றி, மெல்லிய தாளில் சுற்றி, அதன் அளவுக்கே செய்த மரப்பெட்டியில் இறக்கினார்கள். அடுத்த நாட்டுக்குப் போகிறதாம். அது போன மறுநாள் காலையில் கீழ்த்தள ஊழியர் இரண்டு பேர் தள்ளுவண்டியோடு எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். கையில் ஒரு கடிதம். நாற்காலிகள் ‘கண்காட்சிக் காலத்துக்கு மட்டும்’ வழங்கப்பட்டவையாம், நிலவறைக்குத் திரும்ப வேண்டுமாம். அன்று கேட்டு வாங்கிய சந்தோஷத்தில் உத்தரவின் அடியில் இருந்த அந்தச் சின்ன எழுத்தை நாங்கள் யாரும் படிக்கவில்லை.

“எழுந்திரிங்கக்கா, எடுத்துட்டுப் போகணும். எங்க மேல கோவிச்சுக்காதீங்க” என்றார்கள்.

நான் ரேடியோவைப் பார்த்தேன். அவள் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. வாசல் வழியாகப் பக்கத்துக் கூடம் தெரிந்தது, அங்கேயும் யாரும் அசையவில்லை.

“உங்க மேல என்னப்பா கோவம்?” என்றேன். “கடுதாசி எழுதினவரை வரச் சொல்லுங்க. நான் இங்கதான் உக்காந்திருப்பேன்.”